எலி பிடிக்கவும் பாம்பு அகற்றவும் ஆள் அமர்த்தும் முறை

காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள ஸ்ரீரங்கம் தீவிலும், தென்கரையில் உய்யக்கொண்டான் பாசனத்திலும், வடகரையில் பெருவளை, அய்யன் வாய்க்கால்களின் பாசனத்திலும் வயலுக்கும் வீட்டுக்கும் இடையேயுள்ள தூரம் மிகக் குறைவு. கொல்லைக் கதவைத் திறந்தால் வாழைத் தோட்டம். அதைக் கடந்தால் நெல் வயல். ஆகையால் தை, மாசி மாதங்களில் சம்பா அறுவடையாகி வயல் வெறுமையானதும், அதுவரை வரப்பில் வாழ்ந்த எலிகளிற் பல களத்தையும் வைக்கோற் போரையும் நெல் மூட்டை அடுக்கிய கூடத்தையும் நாடி வருகின்றன. எலியைத் தொடர்ந்து பாம்பும் வருகிறது. இவ்விரண்டையும் அகற்ற ஆள் தேடுவது நம் மிராசுதாரர்களுக்கு வருஷந்தோறும் வாய்க்கும் காரியம்.

எனினும், யாரை அழைப்பது, கூலியை எதற்குப் பேசுவது, வேலை முடிந்ததென்று எதைக் கொண்டு அறிவது என்னும் மூன்றையும் யோசித்து ஆள் அமர்த்துவோர் சிலரே. பலர் பணம் செலவழித்தும் அடுத்த மாதமே பழைய உபத்திரவத்தைக் காண்கின்றனர். சில இடங்களில் உயிர்ச்சேதமும் நேர்ந்திருக்கிறது. இவ்விஷயத்தில் கவனிக்க வேண்டியவற்றை இங்கு விளக்குவோம்.

வந்திருக்கும் பிராணி எது?

முதலில் வீட்டிலோ வயலிலோ இருப்பது எது என்று நிச்சயித்தல் வேண்டும். ஒன்றுக்கு ஏற்ற ஆள் மற்றொன்றுக்கு ஏற்றவரல்லர்.

வயல் வரப்பில் வளை தோண்டி, வாயிலில் புது மண்ணைக் குவித்து அடைத்து வைப்பது வரப்பெலி. இது தின்பதோடு நில்லாது கதிர்களைக் கத்தரித்து வளைக்குள் சேமித்து வைக்கும். இதன் சினைக்காலம் சுமார் 3 வாரம். ஓர் ஈற்றில் சாதாரணமாக 6 முதல் 8 குட்டிகள் வரை ஈனும். ஓட்டு வீடுகளின் மச்சிலும் விட்டங்களிலும் ஓடித்திரிவது வீட்டெலி. இது ஏறுவதில் வல்லது. கொல்லைச் சாக்கடை ஓரத்திலும் அஸ்திவாரத்தின் அடியிலும் பெரிய வளை பறிப்பது பெருச்சாளி. பத்தாயத்தின் இடுக்கிலும் துணி மூட்டையிலும் கூடு கட்டுவது சுண்டெலி.

நீண்ட மூக்குடன் சுவரோரமாகக் கீச்சென்று ஓடும் மூஞ்சூறு எலி இனத்தைச் சேர்ந்ததன்று. அது தான்யத்தை நாசம் செய்வதில்லை; பூச்சிகளையே முக்கியமாகத் தின்கிறது. மலைக்கோட்டைப் பிள்ளையாரின் வாகனமென்று நம் ஜனங்கள் அதைக் கொல்லாது விடுவது விவசாய நோக்கிலும் சரியான வழக்கமே.

குரங்கு, மரநாய், கீரி, உடும்பு, மயில், பாம்பு ஆகியவை வேறு வகை. இவை 1972-ம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவன. உரிய அனுமதியின்றி இவற்றைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். வேறொருவருக்குக் கூலி கொடுத்துச் செய்விப்பவரும் பொறுப்பினின்று தப்ப முடியாது. இவற்றால் தொல்லை ஏற்பட்டால் வன இலாகாவுக்கே தெரிவித்தல் வேண்டும்.

வயலுக்குக் கிட்டிக்காரர்

வயலெலிக்கு நம் பக்கத்தில் நெடுங்காலமாகப் பயன்படும் கருவி தஞ்சாவூர்க் கிட்டி. மூங்கிலை வில்லாக வளைத்து நாணேற்றி இரை வைத்த பொறி இது. எலி இரையைத் தொட்டதும் வில் விடுபட்டு அதன் கழுத்தையோ உடலையோ நெரித்துவிடும். மாலையில் வைத்து மறுநாள் விடியுமுன் எடுத்துவிடுவார்கள். ஒரே கிட்டியைப் பல முறை உபயோகிக்கலாம். விஷம் கலவாததால் ஆடு மாடு, நாய், கோழி, ஆந்தை முதலியவற்றுக்கு இதனால் விஷபயம் இல்லை. ஏக்கருக்கு சுமார் 40 கிட்டிகள், அதாவது ஹெக்டேருக்கு 100, வைப்பது சிபார்சு செய்யப்பட்ட கணக்கு.

கிட்டி வைப்பது எளிதாகத் தோன்றினும் அதன் பலன் வைப்பவருடைய பழக்கத்தைப் பொறுத்தது. எலி அன்றாடம் ஓடும் தடம் எது, எந்த வளையில் குடியிருப்பு உண்டு, எது கைவிடப்பட்டது என்பதைப் புது மண்ணையும் புழுக்கையையும் கண்டு அறிபவரே கிட்டியைச் சரியான இடத்தில் வைப்பார். ஆகையால் மலிவாக வருகிறார் என்பதற்காகப் பழக்கமில்லாதவரை அமர்த்துதல் நஷ்டமேயாகும்.

காலமும் முக்கியம். கதிர் வந்தபின் வயலில் தின்பண்டம் நிறைந்திருப்பதால் எலி கிட்டியிலுள்ள இரையை நாடுவது குறையும். அறுவடைக்குப் பின், பங்குனி முதல் வைகாசி வரை வயலில் தீனி அற்றிருக்கும் காலமே தக்க சமயம். அப்போது எலிகளின் தொகையும் குறைந்திருக்கும். வளைகளும் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படும். அப்போது ஒரு ஜோடியைப் பிடிப்பது, கார்த்திகையில் அதன் சந்ததி முழுவதையும் பிடிப்பதற்குச் சமமென்று கொள்ளலாம். அச்சமயம் தவறினால், பயிர் தூர் கட்டும் பருவத்திலாவது தொடங்கிப் பூக்கும் முன் முடித்தல் வேண்டும்.

ஒருவர் மட்டும் தம் நிலத்தில் கிட்டி வைத்து, அடுத்த நிலத்தார் வாளாவிருந்தால் சில நாட்களில் அங்குள்ள எலிகள் இங்கு குடிபெயர்ந்துவிடும். எலிக்குப் பட்டா எல்லை தெரியாது. ஒரு மடையில் பாயும் நிலங்களின் சொந்தக்காரர் அனைவரும் ஒரே வாரத்தில் ஒரே கூட்டத்தாரை அமர்த்துவதே பிரயோஜனப்படும். அகன்ற வரப்புகளை அறுத்துக் குறுக்குவதும், வரப்பிலுள்ள புல்லை அகற்றுவதும், ஆந்தை வந்து உட்காரக் கிளைக்குச்சிகளை நடுவதும் இத்துடன் சேர்ந்த வேலைகள்.

கூலி எதற்கு?

ஓர் எலிக்கு இவ்வளவு என்று பேசி, பிடித்த எலிகளையோ அவற்றின் வால்களையோ எண்ணிக் கூலி கொடுப்பது நம் வழக்கம். கணக்குக்கு இது எளிது. ஆனால் இதில் ஒரு பெருங்குறை உண்டு. பிரஞ்சுக்காரர் ஆட்சியில் 1902-ம் வருஷம் வியத்நாமிலுள்ள ஹனோய் நகரில் கொள்ளைநோய்க்கு அஞ்சி எலி ஒழிப்புத் தொடங்கினர்; ஒவ்வொரு வாலுக்கும் சன்மானம் உண்டென்று ஜனங்களுக்கு அறிவித்தனர். வால்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. ஆனால் சிறிது காலத்தில் வாலில்லாத எலிகள் நகரில் ஓடக் காணப்பட்டன. வாலை மட்டும் அறுத்துவிட்டு, மேலும் குட்டி ஈனட்டுமென்று எலியை விட்டுவிட்டனர் சிலர். சிலர் எலியை வளர்க்கவே தொடங்கினர். அத்திட்டம் கைவிடப்பட்டது.

இதனால் நம் கிட்டிக்காரரைச் சந்தேகிக்க வேண்டுமென்பதில்லை. குறை பேரத்தின் தன்மையிலேயே இருக்கிறது. எலிக்கு மட்டும் கூலியென்றால், எலி மிகுந்த வயலே வேலைக்காரருக்கு லாபம்; எலி அருகிப்போன வயலில் ஒரு நாளைச் செலவிட அவருக்குக் கட்டுப்படியாகாது. நிலத்தாருக்கு வேண்டுவதோ அந்தக் கடைசிச் சில எலிகளும் ஒழிவதே.

ஆகையால் கூலியை இரண்டாகப் பிரித்துப் பேசுதல் நன்று. ஒரு பகுதியை நாட்கூலியாகவோ, வைக்கும் கிட்டியின் கணக்குக்கோ தரலாம். மற்றப் பகுதியை வளைகள் ஓய்ந்தபின் தருவதாக ஒப்பலாம். வளைகள் ஓய்ந்தனவா என்று அறியும் முறை மிக எளிது. ஒரு மாலையில் எல்லா வளைவாய்களையும் மண்ணால் அடைத்து எண்ணிக்கொள்ள வேண்டும். மறுநாட் காலையில் எத்தனை வாய்கள் திறந்திருக்கின்றனவென்று பார்த்தால் குடியிருப்புள்ள வளைகளின் தொகை தெரிந்துவிடும். வேலைக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் இவ்வாறு எண்ணி, இருதரப்பாரும் கூடவிருந்து குறித்துக்கொண்டால் பின்னால் வழக்குக்கு இடமில்லை.

வேலைக்காரரின் உயிர்

எலி பிடிப்போரிற் பலர் வயலெலியை உணவாகக் கொள்பவர். ஆதலால் கிட்டிக்காரரை அழைக்குமுன் அந்நிலத்திலோ அண்டை நிலத்திலோ துத்தநாக பாஸ்பைடு, புரோமடயலோன் முதலிய விஷ இரை வைக்கப்பட்டிருந்தால் அதைத் தவறாது சொல்லுதல் வேண்டும். விஷம் தின்ற எலியின் வயிற்றிலும் ஈரலிலும் விஷம் தங்கியிருக்கும். அவ்வெலி முற்றும் சாகுமுன் கிட்டியில் அகப்படக்கூடும்; பிடிப்பவருக்கு வேறுபாடு தெரியாது. விஷ இரையும் கிட்டியும் ஒரே சமயத்தில் ஒரே நிலத்தில் கூடாதென்பதை விதியாகவே கொள்ள வேண்டும்.

வளையை வெட்டும்போது உள்ளே பாம்பு இருத்தல் கூடும். வெறுங்கையை உள்ளே விடச்சொல்லி அவசரப்படுத்தலாகாது. சட்டியில் புகை மூட்டி வாயால் ஊதி வளைக்குள் செலுத்துவது ஊதுபவரின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கெடுதி. கையால் சுழற்றிப் புகை செலுத்தும் இரும்புக் கருவி இவ்வேலைக்கென்றே செய்யப்பட்டிருக்கிறது. மேலும் எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் நீரிலும் எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி இருக்கும். காலிலுள்ள சிறு புண் வழியாகவும் அது உட்புகும். வேலை முடிந்ததும் கைகால்களைச் சோப்பிட்டுக் கழுவ நீர் வசதி செய்து தருவது நிலத்தாரின் கடமை. சில நாட்களில் கடுங்காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் கண்டால் தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்லுமாறும், எலி வளையில் வேலை செய்ததை வைத்தியரிடம் கூறுமாறும் சொல்லிவைக்க வேண்டும்.

வீட்டிற்குள் மருந்து வைப்போர்

வீட்டெலிக்கு ஆள் அழைக்குமுன் வீட்டார் செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. அரை அங்குலத் துளை வழியே இளம் எலியும், கால் அங்குலத் துளை வழியே சுண்டெலியும் நுழையும். எனவே கொல்லைச் சாக்கடை வாய்க்கு இரும்புச் சல்லடை, கதவின் அடியில் தகடு, ஓட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்துக்குச் சுண்ணாம்புக் காரையோ சிமெண்டோ இடவேண்டும். நெல் மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் ஒன்றரை அடி தள்ளி மரச்சட்டத்தின்மேல் அடுக்க வேண்டும். மச்சைத் தொடும் தென்னை மட்டைகளையும் மரக்கிளைகளையும் வெட்டிவிட வேண்டும். இவற்றைச் செய்யாது எத்தனை எலியைப் பிடிப்பினும் வெளியிலுள்ளவை உள்ளே வந்துகொண்டே இருக்கும். ஆள் அமர்த்தும்போதும் "எங்கே மருந்து வைப்பீர்?" என்று கேட்குமுன் "எந்த வழியாக வருகிறது, அதை எப்படி அடைப்பீர்?" என்று கேட்பதே முறை. வீட்டைச் சுற்றிப் பாராமல் மருந்துப் பையைத் திறப்பவரைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

பட்டணங்களிலிருந்து வந்து கூலிக்கு மருந்து வைக்கும் கம்பெனியார் 1968-ம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி லைசென்ஸ் பெற்றிருத்தல் வேண்டும். லைசென்ஸைக் காட்டும்படி கேட்க வீட்டுக்காரருக்குத் தயக்கம் வேண்டியதில்லை. வைக்கும் மருந்தின் பெயரைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தவறி யாரேனும் உட்கொண்டால் வைத்தியருக்கு முதலில் வேண்டுவது அப்பெயரே.

இந்த ஜாக்கிரதை மிகையன்று. 2024-ம் வருஷம் நவம்பர் மாதம் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு குடும்பத்தார் எலி உபத்திரவத்துக்காகக் கம்பெனி ஆட்களை அழைத்து வீட்டில் மருந்து வைக்கச் செய்தனர். அன்றிரவு குளிர்சாதனத்தை இயக்கி, மூடிய அறையில் உறங்கினர். விடிந்தபோது யாவரும் நோயுற்றிருந்தனர். இரு குழந்தைகள் இறந்துபோயினர். மருந்தின் நெடியே காரணமென்று அப்போது பத்திரிகைகள் கூறின. பணம் கொடுத்து அழைத்த ஆள் வந்து வைத்த மருந்தென்பதால் அபாயம் இல்லையென்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதை இது காட்டும்.

ஆகவே பின்வரும் விதிகளை வீட்டார் மனத்திற்கொள்க.

1. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து கொடிய நச்சுவாயுவை வெளிவிடும். அது கிடங்குகளில், தகுதி பெற்றவர்களின் மேற்பார்வையில் உபயோகிப்பதற்கே உரியது. ஜனங்கள் வசிக்கும் வீட்டிலும், அதை ஒட்டிய அறையிலும் ஒரு மாத்திரைகூட வைக்க விடலாகாது.

2. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசைக்கு மாற்று மருந்து கிடையாது. தமிழ்நாட்டில் அது தடை செய்யப்பட்டது. பழைய குழாய் எதுவும் பரணில் கிடந்தால் வைத்திருக்கலாகாது.

3. வீட்டினுள் கூண்டுப் பொறியும் அடிக்கும் பொறியுமே முதலிடம் பெறத்தக்கவை. விஷ இரை தவிர்க்க முடியாதென்றால் பூட்டிய பெட்டியில், குழந்தைக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில் மட்டுமே வைக்க வேண்டும்.

4. மருந்து வைத்த அறையில் அன்றிரவு யாரும் உறங்கலாகாது. நெல், அரிசி, பருப்பு வைத்த அறையில் தூள் மருந்து தூவ விடலாகாது.

5. செத்த எலிகளைத் தேடி எடுத்து ஆழப் புதைப்பது யார் பொறுப்பென்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். அவற்றைக் காவேரியிலும் வாய்க்காலிலும் எறியலாகாது.

பாம்பு வந்தால்

வெள்ளக் காலத்தில் வளைகள் நீரில் மூழ்கவே எலியும் பாம்பும் மேட்டு நிலமும் வீடும் தேடிப் புறப்படும். 2018-ம் வருஷம் ஆகஸ்டு 22-ந் தேதி முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் உடைந்தபோது இருந்ததுபோல் கொள்ளிடம் பெருகி ஓடும் நாட்களில் கரையோரத்தார் இதை மிகுதியும் கவனித்தல் வேண்டும்.

வீட்டில் பாம்பைக் கண்டால் அடிக்க முயல்வதே கடிபடுவதற்கு ஒரு முக்கியக் காரணம். தூரத்தில் நின்று அது எங்கே போகிறதென்று ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, மற்றொருவர் தீயணைப்பு நிலையத்துக்கு 101 என்ற எண்ணிலோ, வன இலாகாவுக்கோ தெரிவிக்க வேண்டும். வருபவர் வன இலாகாவின் அனுமதி பெற்றவராக இருத்தல் வேண்டும். பாம்பைக் கையில் பிடித்துக் கூட்டத்துக்கு வேடிக்கை காட்டுபவரையும், பல்லைப் பிடுங்குபவரையும் ஊக்குவிக்கலாகாது; வேர், மந்திரம் விற்பவரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

பாம்பு பிடிப்பது ஒரு வித்தை என்பதற்கு நம் நாட்டு இருளர்களே சாட்சி. பாம்புத்தோல் வியாபாரம் சட்டத்தால் நின்றபின், செங்கற்பட்டு ஜில்லா வடநெம்மேலியில் 1978-ம் வருஷம் அவர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. அவர்கள் அனுமதியுடன் பாம்புகளைப் பிடித்து, விஷம் எடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். அவ்விஷமே விஷமுறிவு மருந்து தயாரிக்கப் பயன்படுகிறது. அவர்களுள் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவர் 2017-ம் வருஷம் அமெரிக்காவின் புளோரிடா ராஜ்யத்துக்கு அழைக்கப்பட்டு, அங்கு பெருகி உபத்திரவம் செய்த மலைப்பாம்புகளைத் தேடினர். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்தனர். 2023-ம் வருஷம் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. தடம் அறிந்து வேலை செய்பவருக்கு எவ்வளவு மதிப்புண்டு என்பதை இதனால் அறியலாம்.

அகற்றப்பட்ட பாம்பு சாரையாக இருந்தால் அது வயலுக்கு நண்பன். எலி தின்று வாழ்வது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குமே உயிர்ச்சேதத்துக்குப் பெரும்பாலும் காரணமானவை. இவற்றுள் கட்டுவிரியன் இரவில் வீட்டினுட் புகுந்து தரையில் படுத்துறங்குவோரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. ஆகையால் விடியற்காலையில் வயிற்றுவலியோ, கண்ணிமை சொருகுதலோ, விழுங்க முடியாமையோ கண்டால் சந்தேகிக்க வேண்டும். கடித்த இடத்தைக் கீறுதலும் இறுகக் கட்டுதலும் கூடாது. அங்கத்தை அசையாது வைத்து 108 வண்டியில் உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். திருச்சி மகாத்மா காந்தி நினைவு ஆஸ்பத்திரி போன்ற அரசாங்க ஆஸ்பத்திரிகளில் விஷமுறிவு மருந்து இலவசமாகவே அளிக்கப்படுகிறது.

பாம்பை அகற்றியபின் வேலை முடிந்ததென்று எண்ணலாகாது. அது எலியைத் தேடி வந்தது. கொல்லையிலுள்ள செங்கற் குவியலையும் விறகு அடுக்கையும் அகற்றி, எலி வளையை அடைத்தாலன்றி மற்றொரு பாம்பு வரும்.

கிராம அதிகாரிகளுக்கு

தனித்தனியே செய்தால் பலன் குறையும் இவ்வேலையைக் கூட்டு வேலையாக்குவது பஞ்சாயத்துத் தலைவராலும் கிராம நிர்வாக அலுவலராலும் முடியும். சம்பா அறுவடை முடிந்ததும் மடைவாரியாக நிலத்தாரைக் கூட்டி, கிட்டி வைக்கும் வாரத்தைக் குறிப்பிட்டு, கூலியை ஏக்கர் கணக்கில் பங்கிட்டு வசூலிக்கலாம். அவ்வாரத்தில் யாரும் விஷ இரை வைக்கலாகாதென்று ஒலிபெருக்கி மூலம் அறிவிக்கலாம். பழக்கமுள்ள கிட்டிக்காரர்களின் பெயரையும், அனுமதி பெற்ற பாம்பு பிடிப்போர், தீயணைப்பு நிலையம், வன இலாகா ஆகியோரின் தொலைபேசி எண்களையும் பஞ்சாயத்து ஆபீசின் வெளிச்சுவரில் எழுதிவைக்கலாம். செய்முறையில் சந்தேகம் உண்டானால் வட்டார விவசாய ஆபீசிலும் சிறுகமணியிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம்.

இவ்வருஷம் அறுவடைக்குப் பின் முதற்காரியமாக, ஒரு மாலை வரப்பிலுள்ள வளைவாய்களை அடைத்து, மறுநாட் காலையில் திறந்தவற்றை எண்ணிக் குறித்துக்கொள்ளும்படி விவசாயிகளைக் கேட்டுக்கொள்கிறோம். அக்கணக்கு கையில் இருந்தால் எத்தனை பேரை, எத்தனை நாளுக்கு, என்ன கூலிக்கு அமர்த்துவதென்பது தானே விளங்கும்.